நடுத்தட்டில் என்ன இருக்கிறது?

ஒன்ராறியோவில் ஜூன் கடைசிக் கிழமை பள்ளிக்கூடம் மூடினால், செப்டெம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் முடியும்வரை பிள்ளைகள் வீட்டில்தான். ஒன்பது, பத்துக் கிழமைகள். மற்ற மாதங்களில் எங்கள் வீடுகளில் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிப்பது பள்ளிக்கூட மணி. அந்த மணி நின்றதும் எல்லாம் குழம்பிவிடுகிறது. பெரிய பிள்ளை மத்தியானம் பன்னிரண்டரைக்கு எழும்புகிறது. அன்றைய முதல் சாப்பாடு பக்கற் நூடில்ஸ். மூன்று மணிக்குச் சிப்ஸ். அம்மா பின்னேர ஷிப்ட்டுக்குப் போய்விடுவா, அப்பா வர ஏழு மணியாகும். ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால் இராச்சாப்பாடு பத்து மணிக்குத் தள்ளிப்போகும். இடையில் எத்தனை சோடா ரின் காலியானது என்று மறுசுழற்சிப் பெட்டியைப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு வழக்கமாக நாங்கள் கொடுக்கும் மருந்து பிரசங்கம். “மரக்கறி சாப்பிடு”, “அந்தச் சோடாவை வை”, “ஊரில் நாங்கள் இப்படியா வளர்ந்தோம்?” பத்து வருடத்துக்கு மேலாகத் தாதியாக வேலை செய்கிற எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: எங்கள் ஆட்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. சபையில் எந்த அன்ரியைக் கேட்டாலும் பாகற்காயின் குணத்தையும் சீனியின் தீமையையும் பத்து நிமிடம் சொல்லுவா, சொல்லிக்கொண்டே இரண்டாவது பற்றிஸை எடுப்பா. எங்களிடம் இல்லாதது இலகு. களைத்துப்போன மனிதன், அவன் பதினாலு வயதோ அறுபது வயதோ, கைக்கு எட்டுவதைத்தான் சாப்பிடுகிறான். ஆகவே நல்ல சாப்பாட்டை எட்டும் இடத்தில் வைப்பதும், மற்றதைக் கொஞ்சம் எட்டாத இடத்தில் வைப்பதும்தான் வேலை. அந்த வேலையை அம்மா ஒருவரின் தலையில் கட்டாமல் வீட்டார் பிரித்துக்கொள்ள வேண்டும். என் வாதம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் விபரம்.

முதலில், ஏன் இதை இவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சலரோகம். கனடாவில் தென்னாசியர் இரண்டாம் வகைச் சலரோகத்துக்கு அதிக ஆபத்துள்ள இனங்களில் ஒன்று. மற்றவர்களைவிட இளம் வயதிலேயே எங்களுக்கு அது வருகிறது, அவர்களைவிடக் குறைந்த உடல் நிறையிலேயே வருகிறது. கையும் காலும் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும் எங்கள் அங்கிள்மாரைப் பாருங்கள். அந்த வயிற்றுக்குள் சேரும் கொழுப்புத்தான் பிரச்சினை. தென்னாசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கைக் கோடு. வெள்ளைக்கார ஆண்களுக்கு வைத்திருக்கும் கோட்டைவிட இது குறைவு. “நான் குண்டு இல்லையே” என்ற ஆறுதல் எங்களுக்குப் பொருந்தாது.

வைத்தியசாலைக் கட்டிலில் நான் பார்ப்பது இந்தக் கதையின் கடைசி அத்தியாயம். காலில் ஆறாத புண், சிறுநீரகக் கழுவல், ஐம்பது வயதுக்குள் இதயத்தில் அடைப்பு. முதல் அத்தியாயம் எங்கே எழுதப்படுகிறது என்று கேட்டால், பலருக்குப் பதினைந்து, இருபது வயதில், இப்படியான கோடைகாலங்களில் என்றுதான் சொல்லுவேன். நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது இரத்தச் சீனியைச் சோதிக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான ஆலோசனை. எங்களைப் போல ஆபத்து அதிகமுள்ளவர்கள் அந்த வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை. குடும்ப வைத்தியரிடம் ஏ1சி என்று கேளுங்கள். 6.0 இலிருந்து 6.4 வரை வந்தால் அது எச்சரிக்கை, 6.5 உம் அதற்கு மேலும் சலரோகம். எச்சரிக்கை நிலையில் பிடித்தால் சாப்பாட்டாலும் நடையாலும் திரும்பி வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சரி, வீட்டுக்குள் வருவோம்.

ஒரேயொரு விஷயத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் குடிப்பதை மாற்றுங்கள். 355 மில்லிலீற்றர் கோலா ரின் ஒன்றில் ஏறத்தாழ 39 கிராம் சீனி இருக்கிறது. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்டப் பத்துத் தேக்கரண்டி. தேத்தண்ணிக்குப் பத்துக் கரண்டி சீனி போட்டால் அந்தக் கோப்பையை யார் தொடுவார்கள்? குளிரும் வாயுவும் புளிப்பும் சேர்ந்து அந்த இனிப்பை மறைத்துவிடுகின்றன. மாம்பழ நெக்டரும் அப்பிள் ஜூஸும் “பழம்தானே” என்று நினைத்து வாங்கப்படுகின்றன. சீனிக் கணக்கில் அவை சோடாவின் பக்கத்து வீடு. 2019 இல் வந்த கனடா உணவு வழிகாட்டியில் ஜூஸைப் பழத்தோடு சேர்க்காமல் விட்டார்கள். குடிப்பதற்குத் தண்ணீரையே முதல் தெரிவாகச் சொன்னார்கள். பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்தும் உண்டு, வயிறும் நிறையும். நாலு தோடம்பழத்தின் சாற்றை ஒரு நிமிடத்தில் குடித்துவிடலாம். நாலு தோடம்பழத்தை ஒரேயடியாக உரித்துச் சாப்பிட யாரால் முடியும்?

ஆனால் “தண்ணி குடி” என்று சொன்னால் பிள்ளை குடிக்காது. அதை இலகுவாக்க வேண்டும். ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் தண்ணீரும், வெட்டிய தேசிக்காயும், நாலு புதினா இலையும் போட்டு, கதவைத் திறந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். இன்னொரு சாடியில் மோர். ஒரு கப் தயிருக்கு மூன்று கப் தண்ணீர், கொஞ்சம் உப்பு, நசுக்கிய இஞ்சி, ஒரு பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். நன்றாக அடித்து வடித்தால் சின்னப் பிள்ளைகளும் குடிப்பார்கள். பச்சைமிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டால் உறைப்பு இறங்காது. மோர் குடித்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். வெயில் காலத்தில் கடைகளில் நீல நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் விற்கும் விளையாட்டுப் பானத்துக்கு எங்கள் பிள்ளைகள் எப்படி மாறினார்கள் என்பது எனக்கு விளங்குவதேயில்லை. வெயிலில் மணிக்கணக்காக ஓடி விளையாடும் பிள்ளைக்கு அது ஒருவேளை உதவலாம். சோபாவில் இருந்து கைத்தொலைபேசி பார்ப்பவருக்கு அது நிறம் போட்ட சீனித் தண்ணி.

இந்த இடத்தில் பெரியவர்களுக்கும் ஒரு சொல். பாலும் இரண்டு கரண்டி சீனியும் போட்டு ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி குடித்தால் எட்டுக் கரண்டி. அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் சோடாவைப் பற்றிப் பேசினால் பிள்ளை சிரிக்கும். அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறையுங்கள். இரண்டு மூன்று கிழமையில் நாக்கு பழகிவிடும்.

இனி அந்த நடுத்தட்டு. ஃபிரிட்ஜைத் திறந்தால் கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டு எங்கள் வீடுகளில் எதற்குப் பயன்படுகிறது? பெரும்பாலும் போன கிழமைக் கறிச் சட்டிகளுக்கும், மூடி திறக்காத மாச் சட்டிக்கும். மரக்கறிகள் கீழே இழுப்பறைக்குள், கடைப் பையோடு, இருட்டில் கிடக்கும். பிறகு “இந்த வீட்டில் ஒருத்தரும் மரக்கறி சாப்பிடுவதில்லை” என்று முறைப்பாடு. அதை மாற்றுங்கள். வத்தகப்பழத்தை முழுதாக வைக்காமல் வெட்டி மூடிப் பெட்டியில் போடுங்கள். கெக்கரிக்காய், கரட், அவித்த முட்டை ஆறு, தாளித்த கடலை ஒரு கிண்ணம், தயிர். எல்லாம் நடுத்தட்டில், கண்ணாடிப் பெட்டிகளில், உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி. வெட்டாத வத்தகப்பழம் கிழமைக்கணக்கில் மூலையில் கிடக்கும். வெட்டி வைத்தது மறுநாளே முடியும். பதினாறு வயதுப் பிள்ளை கதவைத் திறந்து பத்து விநாடிக்குள் தெரிவு செய்கிறது. அந்தப் பத்து விநாடியில் உங்கள் பிரசங்கம் வேலை செய்யாது, அந்தப் பெட்டி வேலை செய்யும்.

சிப்ஸையும் பிஸ்கற்றையும் முற்றாகத் தடைசெய்யச் சொல்லவில்லை. தடைசெய்த வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இரட்டிப்பாகச் சாப்பிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சின்னப் பக்கற்றாக வாங்குங்கள், பேஸ்மென்ட் அலுமாரியில் வையுங்கள். படியிறங்கிப் போய் எடுக்கும் அளவுக்கு ஆசை இருந்தால் சாப்பிடட்டும். பக்கற் நூடில்ஸும் அப்படித்தான். பலவற்றில் ஒரு பக்கற்றிலேயே 1,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். ஒரு வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லப்படும் உச்சம் 2,300. மசாலாத் தூள் பக்கற்றில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி உறைந்த பட்டாணியும் சேர்த்தால் அதே நூடில்ஸ் ஒரு சாப்பாடாகிவிடும். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

கடையில் ஒரு சின்ன உதவியும் இப்போது இருக்கிறது. சீனி, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகிய மூன்றில் ஏதாவது கூடிய பொதிகளின் முன்பக்கத்தில், கறுப்பு வெள்ளையில் ஒரு பூதக்கண்ணாடி அடையாளம் போட வேண்டும் என்று ஹெல்த் கனடா சட்டம் கொண்டுவந்தது. கம்பனிகளுக்குக் கொடுத்த அவகாசம் 2026 ஜனவரி 1 உடன் முடிந்தது. வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளை அந்தப் பூதக்கண்ணாடியைத் தேடிப்பிடிக்கும் துப்பறிவாளராக்குங்கள். நல்லாக ஓடும் விளையாட்டு.

செலவு கூடும் என்பவர்களுக்கு: அவகாடோவும் கீன்வாவும் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? பயறு, கடலை, மைசூர்ப் பருப்பு, முட்டை, ரின் மீன், உறைந்த மரக்கறி ஆகியவைதான் இந்த நாட்டில் இன்னும் மலிவு. ரின் கடலையை ஒருமுறை தண்ணீரில் அலசினால் உப்பு குறையும். ஒன்ராறியோவின் தோட்டங்களும் இந்த மாதங்களில் எங்கள் பக்கம். ஜூனில் ஸ்ட்ரோபெரி, ஜூலையில் புளூபெரி, ஜூலைக் கடைசியிலிருந்து சோளமும் நயாகரா பீச்சஸும், பிறகு தக்காளி. விக்டோரியா தின நீண்ட வாரவிடுமுறைக்குப் பிறகு நட்ட வெண்டியும் கத்தரியும் பயற்றையும் ஓகஸ்டில் ஸ்காபரோவின் பின்வளவுகளில் காய்த்துக் குலுங்குகின்றன. சபைக்குப் பை பையாகப் புடலங்காய் கொண்டுவந்து பங்கிடும் ஐயாமாரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவர்கள் செய்வது போதகர் பிரசங்கிக்கும் அன்பின் ஊழியம்தான், எந்தக் குழுவின் தீர்மானமும் இல்லாமல் நடக்கிறது.

தட்டைப் பற்றியும் ஒன்று. எங்கள் தட்டில் முக்கால்வாசி சோறு, மீதியில் கறி, ஓரத்தில் ஒரு கரண்டி வறை. வழிகாட்டி சொல்வது அரைத் தட்டு மரக்கறியும் பழமும், கால் தட்டு பருப்பு, மீன், முட்டை போன்ற புரதம், கால் தட்டு தானியம். அரைக்கு வரமுடியாவிட்டால், வறை போடும் கரண்டியையும் சோறு போடும் கரண்டியையும் மாற்றிப் போடுங்கள், பெரிய கரண்டி வறைக்கு. உருளைக்கிழங்குக் கறி சலரோகக் கணக்கில் சோற்றின் பக்கம்தான் சேரும், மரக்கறியென்று ஏமாற வேண்டாம். சிவப்பரிசி, குரக்கன் புட்டு, பயறும் சம்பலும் என்று அம்மம்மாக்கள் சாப்பிட்டது இந்த வழிகாட்டிக்கு அவ்வளவு தூரமில்லை.

இதையெல்லாம் யார் செய்வது? இந்தக் கேள்வியில்தான் எனக்குக் கோபம் வரும். எங்கள் சபையிலே முதியோர் இல்லங்களிலும் தொழிற்சாலைகளிலும் இரண்டு வேலை பார்க்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு “ஆரோக்கியமான சமையல்” என்று இன்னொரு சுமையை ஏற்றும் கட்டுரையாக இது முடியக்கூடாது. தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்தப் பத்திரிகை உங்களுடையது, ஆகவே உங்களிடம்தான் நேராகச் சொல்லுகிறேன். பன்னிரண்டு வயதானால் சோறு வைக்கவும், பருப்புக் கறி வைக்கவும், முட்டை பொரிக்கவும், கத்தியைச் சரியாகப் பிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு நாள் இராச்சாப்பாடு உங்கள் பொறுப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் எல்லோரும் சேர்ந்து வெட்டிப் பெட்டிகளை நிரப்பினால், அந்த நடுத்தட்டு வியாழன்வரை தாங்கும்.

இதில் “தம்பிமாரே” என்று முதலில் எழுதியது தற்செயலல்ல. எங்கள் வீடுகளில் பெண்பிள்ளை வெங்காயம் உரிக்கும், ஆண்பிள்ளை பாஸ்கற்போல் பார்க்கும். பிறகு அதே மகன் வோட்டர்லூவுக்கோ கிங்ஸ்டனுக்கோ பல்கலைக்கழகம் போய், நாலு வருடமும் பேர்கரும் ஷவர்மாவும் சாப்பிட்டு வருகிறான். “பிள்ளை பாவம், வெளியில் சாப்பிட்டு உடம்பு கெட்டுப்போச்சு” என்று அம்மா அழுவா. யோவான் 21 ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் மீன்பிடித்துக் களைத்து வந்த சீஷருக்குக் கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் பண்ணி வைத்திருந்தவர் யார் என்று பையன்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

பகலில் வீட்டில் இருக்கும் தாத்தா, அம்மம்மா, அப்பம்மாமாரையும் மறக்கக்கூடாது. வயது போகப் போகத் தாக உணர்வு குறையும். உடம்பு காய்ந்த பிறகும் “எனக்குத் தாகமில்லை” என்பார்கள். பிரஷருக்காகத் தண்ணீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெப்ப அலை நாட்களில் இது தலைச்சுற்றாகவும் விழுகையாகவும் முடியலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீரையோ மோரையோ கையில் கொடுங்கள், கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இதயப் பலவீனத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீருக்கும் உப்புக்கும் அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் வைத்தியரின் அளவைப் பின்பற்ற வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் சில சலரோக, பிரஷர் மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரும். நீங்களாக முடிவெடுக்காமல் பார்மசியிலே கேளுங்கள், அல்லது 811 க்கு அழையுங்கள். எந்த நேரமும் ஒரு தாதியுடன் இலவசமாகக் கதைக்கலாம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். சாப்பாட்டைப் பற்றிச் சபையிலே பேச்சு வந்தால், சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்ற வசனத்தை உடனே எடுத்துவிடுகிறோம். 1 கொரிந்தியர் 6 ஐ முழுவதும் வாசித்துப் பாருங்கள். பவுல் அங்கே எச்சரிப்பது வேசித்தனத்தைப் பற்றி. இடுப்பளவைப் பற்றி அல்ல. உடம்பைப் பேண வேண்டும் என்ற கருத்தை அதிலிருந்து எடுக்கலாம், நானும் எடுக்கிறேன். ஆனால் ஒரு பதினாலு வயதுப் பெண்பிள்ளையின் தட்டுக்கு மேலே அதைத் தடியாகப் பிடிப்பது வேறு. தானியேலும் அப்படியே. பத்து நாள் பருப்பும் தண்ணீரும் என்று அதை உணவுக்கட்டுப்பாட்டுத் திட்டமாகச் சொல்லுபவர்கள், பத்தாம் நாள் முடிவில் அந்த வாலிபர் மற்றவர்களைவிடப் புஷ்டியாக இருந்தார்கள் என்று வேதம் சொல்வதைக் கவனிப்பதில்லை!

சபை வாசலில் கைகுலுக்கிக்கொண்டே “என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய்” என்றோ, “ஏனப்பா இப்படிக் காய்ஞ்சுபோனாய்” என்றோ கேட்பது எங்களுக்குச் சுகம் விசாரிப்பது. இங்கே வளரும் பிள்ளைக்கு அது கிழமை முழுவதும் கண்ணாடிக்கு முன்னால் ஒலிக்கும். சாப்பாட்டுக் கோளாறு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்க வேண்டாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வருகிறது, ஆண்பிள்ளைகளுக்கும் வருகிறது. வீடுகளில் அதை மறைப்பதால் பிந்தித்தான் வைத்தியரிடம் வருகிறார்கள். தனியாகச் சாப்பிடத் தொடங்குவது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய் நெடுநேரம் நிற்பது, வெயிலிலும் தொளதொள உடுப்பு, பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நிற்பது ஆகியவற்றைக் கண்டால் திட்டாமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

இதில் எங்கள் சபைகளுக்கே உரிய ஒரு மறைவிடம் உண்டு: உபவாசம். “நான் இன்றைக்கு உபவாசம், அம்மா” என்று பிள்ளை சொன்னால் எந்தக் கிறிஸ்தவத் தாய் மறுத்துப் பேசுவா? பெருமைப்படத்தான் செய்வா. உபவாசத்துக்கு நான் எதிரியில்லை, என் வீட்டிலும் அது உண்டு. ஆனால் வளரும் பிள்ளை கிழமைக்கு மூன்று நாள் உபவாசமென்று சொல்லி, ஜெபத்துக்கு வராமல் நிறை பார்க்கும் தராசில் ஏறி நின்றால், அங்கே நடப்பது வேறு. வாலிபர் தலைவர்களே, உங்கள் குழுவில் இளம் பிள்ளைகளை உபவாசத்துக்கு அழைக்கும்போது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியை ஒரு நாள் விடச் சொல்லிப் பாருங்கள். யாருக்கு எது உண்மையான ஒறுத்தல் என்று அப்போது தெரியும். இன்சுலினோ சலரோக மாத்திரையோ எடுக்கும் பெரியவர்களும் வைத்தியரைக் கேளாமல் உபவாசம் இருக்கக்கூடாது. சீனி இறங்கி மயங்கினால் அம்புலன்ஸ்தான் வரும்.

எலியா சூரைச்செடியின் கீழே சாகக் கேட்டுப் படுத்தபோது தேவன் முதலில் அனுப்பியது அப்பமும் தண்ணீரும். சாப்பிட்டான், திரும்பவும் படுத்தான், இன்னொருமுறை எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்கள். கேள்வி கேட்டது பல நாட்கள் கழித்து, ஓரேப் மலையிலே. சோர்ந்துபோன பிள்ளையோடு கதைக்கும் ஒழுங்கு அதுதான் என்று ஒரு தாதியாகவும் நினைக்கிறேன்.

கடைசியாக, சபைச் சாப்பாடு. ஆராதனை முடிந்தால் றோல்ஸ், பற்றிஸ், கேக், சோடா. விடுமுறை வேதாகமப் பாடசாலைக்கு ஜூஸ் பெட்டியும் குக்கியும். பிக்னிக்குக்குக் கோழிப் பிரியாணியும் பெட்டி பெட்டியாகச் சோடாவும். “வருடத்தில் ஒருநாள்தானே” என்று சொல்லுவார்கள். ஜூலை, ஓகஸ்ட் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். கலியாணம், பிறந்தநாள், ஐம்பதாவது, இருபத்தைந்தாவது, குடும்ப ஒன்றுகூடல், சபைப் பிக்னிக். அந்த “ஒருநாள்” ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு நியாயத்தை நான் மதிக்கிறேன். போருக்குள் இடம்பெயர்ந்து, கஞ்சிக்கு வரிசையில் நின்ற தலைமுறை எங்களுடையது. அவர்களுக்குச் “சாப்பிடு” என்பதுதான் அன்பின் சொல். மேசை நிறைய வைத்தால்தான் மனம் நிறையும். அந்தக் கையைத் தட்டிவிட எனக்கு மனமில்லை, அந்த மேசையைச் சிறிதாக்கவும் கேட்கவில்லை. மேசையில் இருப்பதன் ஒழுங்கை மாற்றலாம் என்கிறேன். அதே அன்பைக் கடலையாகவும் அவித்த பயறாகவும் பரிமாறலாம், யாரும் குறையாக நினைக்கப்போவதில்லை.

பிக்னிக்கில் சீனியைவிட உடனடியான ஒரு ஆபத்தும் உண்டு. காலை ஏழு மணிக்குப் பெரிய தட்டுகளில் அடைத்த பிரியாணி, தொம்சன் பார்க்கில் மத்தியானம் இரண்டு மணிக்குத் திறக்கப்படுகிறது. 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலே கிருமி வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அந்த இடைவெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது, கடும் வெயிலில் ஒரு மணித்தியாலம். சோறு பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். சோற்றில் வரும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது, பிறகு அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே சூடானதைச் சூடு காக்கும் பெட்டியில் சூடாகவே கொண்டுவர வேண்டும், குளிரானதை ஐஸுக்குள். பார்பிக்யூவில் கோழித் துண்டுகளின் உள்ளே 74 பாகை வர வேண்டும், நிறத்தைப் பார்த்து நம்ப முடியாது. சமையல் வெப்பமானி ஒன்றை வாலிபர் ஐக்கியமே வாங்கி வைக்கலாம். பச்சைக் கோழி ஊறிய பாத்திரத்தில் சுட்ட கோழியைத் திரும்பப் போடும் அங்கிள்மாரைக் கண்காணிக்க ஒரு தங்கச்சியை நியமித்தாலும் நல்லது.

ஓகஸ்ட் பிக்னிக்குக்குச் சாப்பாட்டுக் குழுவிடம் நான் கேட்பது இவ்வளவும்தான். மேசையின் முதல் பக்கத்தில் தண்ணீர், மோர், வத்தகப்பழம், கெக்கரிக்காய். அடுத்ததாகக் கடலையும் அவித்த சோளமும். பிறகு சுட்ட மீனும் கோழியும். றோல்ஸும் இருக்கட்டும், கடைசியில். சோடா இந்த முறை வேண்டாம், யாருக்காவது கட்டாயம் வேண்டுமென்றால் தங்கள் காரிலே வைத்துக் குடிக்கட்டும். இருபது லீற்றர் மோருக்கு நான் பொறுப்பு. வத்தகப்பழம் வெட்ட நாலு தம்பிமார் வேண்டும். கத்தி நான் கொண்டுவருகிறேன், கையுறையும் கொண்டுவருகிறேன்.